வாதைகளும் மர்மங்களும்: இந்திரா சௌந்தர்ராஜனை முன்வைத்து

நெல்லையில் ஓர் அறக்கட்டளைப் பொழிவுக்கு இப்படியொரு தலைப்பா என்று சிலர் நினைக்கக்கூடும். சங்க இலக்கியம், சமய இலக்கியம், விட்டால் பாரதி என்று பழகிப்போன மேடையில் மாத நாவல் எழுதியவருக்கு என்ன இடம் என்று அவர்கள் கேட்கலாம். பேருந்து நிலையக் கடைகளில் தோரணமாகத் தொங்கியவற்றையும், வாடகை நூலகங்களில் அட்டை கிழிந்து நைந்துபோகும் வரை சுற்றியவற்றையும் கணக்கில் கொள்ளாத இலக்கிய வரலாறு அரைகுறை வரலாறு. அவற்றைப் படித்தவர்கள்தான் இந்த மொழியின் பெரும்பான்மை வாசகர்கள். அவர்களை மதிக்கிறோம் என்றால் அவர்கள் படித்ததையும் பொருட்படுத்திப் படிக்க வேண்டும். பொருட்படுத்திப் படித்தால் சில கடுமையான முடிவுகளும் வரத்தான் செய்யும். புகழுரை, ஏளனம் இரண்டும் படிக்காமலே சொல்லிவிடக்கூடியவை.

இந்திரா சௌந்தர்ராஜன் 1958இல் பிறந்தவர். மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பரில் அங்கேயே காலமானார். மாதத்திற்கு இரண்டு மூன்று நாவல்கள் கூட அவர் பெயரில் வெளிவந்த காலம் உண்டு. மறுபிறவி, சித்தர்கள், ஓலைச்சுவடி, நாகம், காவல் தெய்வம், பூட்டிய கோயில், புதையல் என்று தமிழ்நாட்டின் நம்பிக்கைக் களஞ்சியம் முழுவதையும் அவர் கதைப்பொருளாக்கினார். 1990களின் பிற்பகுதியில் கே.பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரித்து, சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்ம தேசம்’ வரிசை அவரைப் படிக்காதவர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாகா இயக்கிய ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ இரண்டையும் இன்றும் பெயர் சொல்லிப் பேசுகிறவர்கள் உண்டு. 2008இல் சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது அவருடைய மறுபிறவிக் கதை ஒன்றும் அதில் இடம்பெற்றது. அவருக்கு முன்னால் பி.டி.சாமி பேய்க்கதைக்கென்றே ஒரு வாசகர் கூட்டத்தை வைத்திருந்தார். ஆனால் பேயை வீட்டுக் கூடத்திற்கு, குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து பார்க்கும் நேரத்திற்குக் கொண்டுவந்தவர் இந்திரா சௌந்தர்ராஜன்தான். அந்தச் சாதனையை யாரும் மறுக்க முடியாது. அவர் கதைகளில் வேகம் இருந்தது. ஓர் அத்தியாயத்தை எங்கே நிறுத்தினால் வாசகன் தவிப்பான் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. ஊர்ப்பெயர் வைப்பதிலும், கோயிலைச் சுற்றி ஒரு தலபுராணத்தை இட்டுக்கட்டுவதிலும் அவருக்கு இணை குறைவு.

பிறகு ஏமாற்றம் எதில்? அவர் பேய்க்கதை எழுதினார் என்பதில் இல்லை. நிறைய எழுதினார் என்பதிலும் இல்லை. தமிழ்நாட்டின் தெற்கே, குறிப்பாகப் பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி ஓடும் இந்த நிலத்தில், இறந்தவர்களைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு பெரிய கலை இருக்கிறது. அந்தக் கலையில் ஆவி என்பது தீர்க்கப்படாத ஒரு வழக்கு. வெட்டுப்பட்டவன், எரிக்கப்பட்டவள், ஏமாற்றிக் கொல்லப்பட்டவள் தெய்வமாகத் திரும்பி வந்து ஊரிடம் தன் கணக்கைக் கேட்பதே அதன் அடிப்படை. இந்தச் சரக்கு முழுவதையும் கையில் எடுத்த நம் காலத்தின் மிகப் பிரபலமான கதைசொல்லி, வழக்கை எடுத்துவிட்டுப் புதிரை வைத்தார். யாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்வி இருந்த இடத்தில், இதைச் செய்தது யார், எப்படி என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது. இன்றைய பேச்சு முழுவதும் இந்த மாற்றத்தைப் பற்றியதுதான்.

முதலில் நம் பக்கத்துக் கலையைப் பார்ப்போம். ஒரு கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கிறது. வில், குடம், உடுக்கு, தாளம், வீசுகோலின் மணிச்சத்தம். பாடப்படும் கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்குக்கூட முடிவு தெரியும். கொன்றவன் யார் என்பதில் மர்மமே கிடையாது. அவன் பேர், குலம், ஊர் எல்லாம் பாட்டில் இருக்கிறது. அப்படியானால் விடிய விடிய ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்? அந்தச் சாவு மறுபடியும் சொல்லப்பட வேண்டும், கேட்கப்பட வேண்டும் என்பதற்காக. தென்மாவட்ட வில்லுப்பாட்டை விரிவாக ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தெய்வப் பிறவிக் கதைகள் என்றும் இறந்துபட்ட வாதைகளின், அதாவது கொல்லப்பட்டுத் தெய்வமானவர்களின், கதைகள் என்றும் வழக்கில் உள்ள பாகுபாட்டைப் பதிவு செய்கிறார். இரண்டாம் வகையில் கதை சாவுக் கட்டத்தை நெருங்க நெருங்கத்தான் சாமியாட்டம் உச்சம் கொள்கிறது. சாமியாடும் கோமரத்தாடியின் உடம்பில் வாதை இறங்குவது தன் சாவைத் தானே கேட்கும் நேரத்தில். திகிலை உண்டாக்குவதற்குத் தகவலை ஒளித்துவைக்கத் தேவையில்லை, எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டும் ஊரை நடுங்கவைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்குநேரியில் பிறந்து, நெல்லை ஆய்வுக் குழுவையும் ‘ஆராய்ச்சி’ இதழையும் நடத்திய பேராசிரியர் நா.வானமாமலை பதிப்பித்து, 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கதைப்பாடல் அது. பிராமணனாகப் பிறந்த பட்டன், சக்கிலியர் குலத்தைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். பூணூலை அறுத்துக் குடுமியைக் களைந்து செருப்புத் தைத்துக் காட்டிய பிறகே மாமனார் பெண் கொடுக்கிறார். மணம் முடிந்த கையோடு மாடு கவர வந்தவர்களோடு போரிட்டுச் சூழ்ச்சியால் கொல்லப்படுகிறான். மனைவியர் இருவரும் சிங்கம்பட்டி ஜமீனிடம் அனுமதி வாங்கித் தீப்பாய்கிறார்கள். இன்று காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சந்நிதிக்கு வருகிறவர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டிவிட்டுப் போகிறார்கள். ஆடி அமாவாசைக்கு வண்டி கட்டி வருகிற கூட்டத்தில் எல்லாச் சாதியாரும் இருக்கிறார்கள். சாதியை மீறியதன் அடையாளமாக அவன் கையால் தைத்த பொருள்தான் அவனுக்கு நேர்ந்துகொள்ளும் பொருள். கோயிலுக்குள் செருப்பு போகக்கூடாது என்பது விதியாக இருக்கும் நாட்டில், செருப்பையே காணிக்கையாக ஏற்கும் ஒரு தெய்வத்தை ஒரு சாவு உண்டாக்கியிருக்கிறது. இதைவிட ஆச்சரியமான அமானுஷ்யத்தை எந்த மாத நாவலாசிரியரால் கற்பனை செய்துவிட முடியும் என்று தெரியவில்லை.

இன்னொன்று சின்னத்தம்பி கதை. அவன் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த வீரன். புதையலுக்காக அவன் பலியிடப்படுகிறான். நம் மர்ம நாவல்களில் புதையல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப்பார்க்க வேண்டாம், எண்ணி மாளாது. அங்கெல்லாம் புதையல் ஒரு குறியீட்டுக் கணக்கு. ஓலையில் ஒரு பாட்டு இருக்கும், பாட்டில் ஒரு திசை ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்கும் அறிவாளி ஒருவர் பட்டணத்திலிருந்து வருவார். சின்னத்தம்பி கதை கேட்பது வேறு: அந்தப் பொன்னுக்காக யாருடைய கழுத்து அறுக்கப்பட்டது? இசக்கியும் இப்படித்தான். இசக்கியாக வணங்கப்படும் நீலியின் தென்பகுதிக் கதையில் தாசிக்குலப் பெண்ணைக் கள்ளிக்காட்டில் வைத்துத் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான் அவள் நம்பி வந்தவன். சாட்சிக்கு ஒரு மனிதரும் இல்லாத இடத்தில் அவள் கள்ளிச்செடியைச் சாட்சி வைத்துச் சாகிறாள். மறுபிறவியில் அந்தக் கள்ளிக் கொப்பையே குழந்தையாக இடுப்பில் ஏந்தி வந்து நியாயம் கேட்கிறாள். மறுபிறவி என்னும் கருத்து இங்கே என்ன வேலை செய்கிறது என்று கவனியுங்கள். போன பிறவியில் நீ செய்தது, இப்போது அனுபவி என்று பாதிக்கப்பட்டவரை அது அடக்கவில்லை. போன பிறவியில் எனக்குச் செய்யப்பட்டது, இப்போது பதில் சொல் என்று கேட்க வைக்கிறது.

இப்படி இறந்தவர்களை வணங்குவது ஏதோ ஒரு சாதிக்கோ ஒரு காலத்துக்கோ உரிய வழக்கமும் இல்லை. இடையன்குடியில் இருந்த மிஷனரி கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில், திருநெல்வேலிப் பக்கத்துப் பேய் வழிபாட்டைக் கடுமையாகத் தாக்கி எழுதியிருக்கிறார். அவர் நோக்கம் எதுவானாலும் ஒரு செய்தியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்: பேய்களாக வணங்கப்படுபவர்களில் பலர் திடீரென்று, கொடூரமாக இறந்தவர்கள். அதற்கு அவர் தரும் சான்றுகளில் ஒன்று, 1809இல் திருவிதாங்கூர்ப் படையோடு நடந்த சண்டையில் காயம்பட்டு இறந்த கேப்டன் போல் என்ற வெள்ளைக்காரருக்கு நடந்த வழிபாடு. அவர் சமாதியில் மதுவும் சுருட்டும் படைத்திருக்கிறார்கள். அடக்கியாள வந்தவன் என்று தெரிந்தும், அகாலத்தில் செத்தவன் என்ற ஒரே காரணத்துக்காக அவனுக்கும் பசியாற்றிய மக்கள் இவர்கள்.

இந்தப் பின்னணியோடு ‘விடாது கருப்பு’ தொடருக்கு வருவோம். இந்திரா சௌந்தர்ராஜனின் படைப்புகளில் மிகச் சிறந்தது அதுதான் என்பது என் கணிப்பு. ஆகவே மோசமானதை எடுத்துவைத்துக்கொண்டு அடிக்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. தவறு செய்தவர்களைக் கருப்பு தண்டிக்கும் என்று நம்புகிற ஒரு கிராமம். கடந்த காலமும் நிகழ்காலமும் மாறி மாறி ஓடும் சொல்முறை, அன்றைய தொலைக்காட்சிக்குத் துணிச்சலானது. ஊர் முழுக்க ஏதோ ஒரு குற்றத்தை விழுங்கிக்கொண்டு நடமாடுகிறது என்ற உணர்வைப் பல அத்தியாயங்களுக்கு அது தக்கவைத்தது. இந்த இடத்தில் அவர் வில்லுப்பாட்டுப் புலவரின் வாசலுக்கு மிக அருகில் வந்துவிட்டார். இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் போதும். ஆனால் கதை முடிய வேண்டுமே. முடிக்கும்போது மனநல மருத்துவம் வருகிறது, ஆளுமைப் பிளவு வருகிறது, கருப்பாக வந்தது யார் என்பது தெரிகிறது. ஊரின் குற்றம் ஒருவரின் நோயாகச் சுருங்குகிறது. நோய்க்குப் பெயர் கிடைத்ததும் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. நாம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தூங்கப்போகிறோம்.

அவர் கதைகளில் பெரும்பாலும் இரண்டு வாசல்கள் இருக்கும். ஒன்று அறிவியல் விளக்கம், மற்றொன்று ஆன்மிகம். பகுத்தறிவு பேசும் பாத்திரம் ஒன்று முதலில் சிரிக்கும், பிறகு திகைக்கும், கடைசியில் ஒன்று மருத்துவம் பதில் சொல்லும், அல்லது கடவுள் பதில் சொல்வார், சில சமயம் மருத்துவம் பதில் சொன்ன பிறகும் கடவுள் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போவார். ‘ரகசியம்’ தொடரின் நவபாஷாண லிங்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். அது மருந்தாகவும் இருக்கலாம், தெய்வமாகவும் இருக்கலாம். இரு தரப்பு வாசகரையும் கோபப்படுத்தாத ஏற்பாடு இது. வியாபாரத்துக்கு நல்லதுதான். ஆனால் இரண்டு வாசலுக்கும் பொதுவான ஒன்று உண்டு: எதன் வழியாகப் போனாலும் ஊரின் பொறுப்பு என்ற இடத்துக்குப் போய்ச் சேர முடியாது. நோய் என்றால் யார் குற்றமும் இல்லை. முன்வினை என்றால் செத்தவன் குற்றம். சித்தர் சித்தம் என்றால் கேள்வியே இல்லை. பிற்காலத்தில் அவர் ஆன்மிகச் சொற்பொழிவுகளுக்கும் பக்தி நூல்களுக்கும் நகர்ந்ததை வியப்பாகச் சிலர் பார்க்கிறார்கள். எனக்கு அது இயல்பான அடுத்த படியாகவே படுகிறது. கதையில் தொங்கவிட்ட விடையை மேடையில் உறுதிப்படுத்தினார், அவ்வளவுதான்.

இங்கே முதல் மறுப்பு வரும். அவர் வெகுஜன எழுத்தாளர். மாதா மாதம் பக்கக் கணக்கோடு பசியாக இருக்கும் அச்சகத்துக்கு எழுதியவர். அவரைப் போய் இலக்கியத் தராசில் நிறுத்துவது நியாயமா? நியாயம்தான் என்று நினைக்கிறேன். நெல்லை வண்ணார்பேட்டையில் வளர்ந்து இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தனும் பத்திரிகைக்குக் கெடு வைத்து எழுதியவர்தான். எழுத்தை நம்பியே வயிற்றைக் கழுவியவர்தான். 1943இல் ‘கலைமகள்’ வெளியிட்ட ‘காஞ்சனை’ அப்படிப் பிறந்த பேய்க்கதை. ஓர் எழுத்தாளன் வீட்டு வாசலுக்குப் பிச்சைக்காரி ஒருத்தி வருகிறாள், வீட்டுக்காரி அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள், பிறகு இரவுகள் மாறுகின்றன. அவள் பேயா, வெறும் ஏழையா, தூக்கம் கெட்ட ஒருவனின் மனக்குழப்பமா என்று கடைசிவரை கதை சொல்வதில்லை. என் வாதத்துக்கு அந்தக் கதை முழுக்கப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; காஞ்சனைக்கு நிகழ்ந்த அநீதியைப் புதுமைப்பித்தன் வழக்காக எடுத்து நடத்தவில்லை. ஆனால் விடை தராமல் நிறுத்தும் துணிவு அதில் இருக்கிறது. பசியோடு வாசலில் நிற்கும் ஒரு பெண்ணைக் கண்டு ஒரு நடுத்தரக் குடும்பத்து ஆண் ஏன் இவ்வளவு அஞ்சுகிறான் என்ற சங்கடம் நமக்குள் தங்கிவிடுகிறது. அது ஒரே ஒரு சிறுகதை. இத்தனை ஆண்டுகளாகக் கலையவில்லை. அவசரமாக எழுதுவது ஒரு காரணம் என்றால், புதுமைப்பித்தனுக்கு அதைவிட அவசரம் இருந்தது.

விற்பனையும் தரமும் ஒத்துப்போகாது என்று சொல்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. டோனி மாரிசனின் ‘பிலவட்’ 1987இல் வந்தது. தப்பியோடிய அடிமைப்பெண் மார்கரெட் கார்னர், பிடிபடும் நேரத்தில் தன் குழந்தையை மீண்டும் அடிமையாக விடாமல் தன் கையாலேயே கொன்ற 1856ஆம் ஆண்டுச் சம்பவம் அதன் வித்து. கொல்லப்பட்ட குழந்தை ஆவியாக அந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறது. பேய்வீடு, பூட்டிய நினைவுகள், திடீரென்று வந்து நிற்கும் அந்நியப் பெண் என்று மர்மக் கதைக்கு வேண்டியவை எல்லாம் அதில் உண்டு. மறு ஆண்டே புலிட்சர் பரிசு கிடைத்தது, பெரும் எண்ணிக்கையில் விற்கவும் செய்தது. அந்த ஆவிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது ஒரு குடும்பத்தின் புதிராக நிற்காமல், ஒரு நாடு கட்டவேண்டிய கணக்காக நிற்கிறது. நம் இசக்கியை அறிந்த வாசகருக்கு அது அந்நியமான கதையே இல்லை. மாரிசன் செய்ததைச் செய்வதற்கான கச்சாப்பொருள் மதுரையில் இருந்தவருக்கு மூன்று மணி நேரப் பயணத்தில் கிடைத்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. நாட்டார் கதைகளைப் புனிதமாக்கிப் பேசுகிறீர்கள், அவற்றிலும் சூத்திரம் இருக்கிறது, அவையும் திரிக்கப்பட்டவைதானே என்பது. உண்மை. முத்துப்பட்டன் கதையிலேயே பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள், சக்கிலியர் எடுத்து வளர்த்தவர்கள் என்று சேர்த்துப் பாடப்பட்ட வடிவம் உண்டு. சாதி கலந்ததைப் பொறுக்காதவர்கள் செய்த ஒட்டுவேலை அது என்பதை வானமாமலை எடுத்துக்காட்டியிருக்கிறார். சுடலைமாடன் கதையையும் மறக்கக்கூடாது. சுடலை வஞ்சிக்கப்பட்டுச் செத்தவர் இல்லை, பார்வதியின் விளக்குச் சுடரில் பிறந்தவர். அவர் செய்யும் கொடுமைகள் கொஞ்சமா? எல்லா வாதையும் நியாயம் பேசுகிறது என்று நான் சொல்லவில்லை. என் வாதம் சிறியது. ஒட்டுப்போட்டவர்களால் பெண்களின் குலத்தை மாற்ற முடிந்ததே தவிர, செருப்பை அகற்ற முடியவில்லை. வெட்டுப்பட்டதை மறைக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அந்தச் சாவோடு தொடர்புடைய மக்கள். தப்பாகப் பாடினால் கொடையில் எழுந்து கேட்பார்கள். மாத நாவலின் வாசகர் அடுத்த மாதம் வேறொரு தெய்வத்தை வாங்கிக்கொள்வார். சூத்திரம் இரண்டிலும் இருக்கிறது, கணக்குக் கேட்க ஆள் இருப்பது ஒன்றில் மட்டும்.

மூன்றாவதாக, பகுத்தறிவாளர்கள் பக்கமிருந்து வரும் கேள்வி: நல்ல பேய், கெட்ட பேய் என்று தரம் பிரிப்பதைவிடப் பேயையே ஒழித்துக்கட்டுவது அல்லவா முற்போக்கு? திருநெல்வேலியில் இதை முதலில் சொன்னவர்கள் மிஷனரிகள், பிறகு சுயமரியாதைக்காரர்கள். கோமரத்தாடியை வைத்து ஊரை மிரட்டியவர்கள், பேயோட்டுகிறேன் என்று பெண்களை அடித்தவர்கள் உண்டு. அந்த எதிர்ப்புக்கு நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் பேய் உண்டா இல்லையா என்பது என் விவாதத்துக்கு வேண்டாத கேள்வி. கடவுள் நம்பிக்கை இல்லாத வானமாமலைதான் இந்தக் கதைப்பாடல்களைத் தேடித் தேடிப் பதிப்பித்தார். அவர் ஒரு மார்க்சியர். பாளையங்கோட்டையில் வாழ்ந்த தொ.பரமசிவன் பெரியார்மீது பற்றுக்கொண்டவர். சிறுதெய்வங்களைப் பற்றி அவரளவு நுட்பமாக எழுதியவர்கள் சிலரே. இருவரும் சாமியைக் கும்பிடப் போகவில்லை, எழுதப்படாத வரலாற்றைத் தேடிப்போனார்கள். வேடிக்கை என்னவென்றால், நம்பாத இவர்கள் தெய்வங்களை மதித்த அளவுக்கு, நம்பச் சொல்லி எழுதிய நாவலாசிரியர் மதிக்கவில்லை. அவருக்கு அவை திகிலூட்டும் பொருள்களாகவே பயன்பட்டன.

நகரத்து இளைஞர்களுக்குக் கிராம தெய்வங்களை அறிமுகப்படுத்தினாரே என்று சிலர் பரிந்து பேசுவார்கள். அறிமுகப்படுத்தினார், மறுக்கவில்லை. கருப்பசாமி என்ற பெயரையே தொலைக்காட்சியில்தான் முதன்முதலில் கேட்டேன் என்று சொல்லக்கூடிய பட்டணத்துப் பிள்ளைகள் இருக்கலாம். ஆனால் எப்படிப்பட்ட கருப்பை அவர்கள் அறிந்துகொண்டார்கள்? இருட்டில் குதிரைக் குளம்புச் சத்தத்தோடு வருகிற அச்சத்தை. பயிரையும் எல்லையையும் காத்து, விபூதி பூசி, பிள்ளைக்குப் பேரும் ஆகி, ஆண்டுக்கொருமுறை கிடா வெட்டில் பங்காளிகளையெல்லாம் ஒரே இடத்தில் நிறுத்துகிற கருப்பை அல்ல. வணங்குகிறவர்களுக்கு அந்தத் தெய்வம் அண்டைவீட்டுப் பெரியவரைப் போல உரிமையோடு சண்டை போடக்கூடிய ஆள். பயமே பிரதானம் என்ற சித்திரம், கால்டுவெல் வரைந்த சித்திரத்திலிருந்து அதிக தூரம் தள்ளி இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

‘மர்ம தேசம்’ ஓடிய காலத்தையொட்டி இந்த நெல்லையில் என்ன நடந்தது என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் அடக்கம். ஆர்.ஆர்.சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படத்தில் அதைப் பதிவு செய்தார். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு இப்படியொன்று நடந்திருந்தால் வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவர் அந்தப் பதினேழு பேரையும் பேர் சொல்லிப் பாடியிருப்பார். ஆற்றங்கரையில் பீடம் எழும்பியிருக்கும். நம் காலத்தில் அந்த வேலையைச் செய்யக்கூடிய வாசகர் பலமும் கற்பனை பலமும் கொண்டிருந்த எழுத்தாளர்கள் சிலர்தான். அவர்களில் முதன்மையானவர் அமானுஷ்யத்தின் நிபுணராக அறியப்பட்டவர். அரசியல் எழுதவில்லை என்று அவர்மீது குற்றம் சாட்டவில்லை. அகாலச் சாவுகளைக் கதையாக்குவதைத் தன் தொழிலாக எடுத்துக்கொண்ட ஒருவரின் கதையுலகத்துக்குள், நம் காலத்தின் அகாலச் சாவுகளுக்கு நுழைய வழியே இல்லாமல் போனது ஏன் என்றுதான் கேட்கிறேன். அங்கே செத்தவர்கள் பெரும்பாலும் புராணத்துக்கோ, பேராசைக்காரக் குடும்பத்துக்கோ சொந்தமானவர்கள். கூலி கேட்டுச் செத்தவர்களுக்கு அந்தப் பாழடைந்த பங்களாக்களில் இடமில்லை.

இறந்துபோன ஒருவரைப் பற்றி இவ்வளவு பேசலாமா என்ற முணுமுணுப்பு எழக்கூடும். இறந்தவர்களிடம் வெளிப்படையாகக் கணக்குப் பேசுவதுதான் இந்தச் சீமையின் வழக்கம் என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் இல்லை. அவரது நூற்றுக்கணக்கான நாவல்களில் காலத்தைத் தாண்டப் போவது ‘விடாது கருப்பு’ என்றே நினைக்கிறேன், அதுவும் நாகாவின் தொலைக்காட்சி வடிவத்தில், அதன் இறுதி அத்தியாயங்களைத் தவிர்த்து.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் பேய்க்கதை எழுத ஆசைப்படுபவர்கள் இருப்பீர்கள். எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதுவதற்கு முன் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையில் சேர்ந்திருக்கும் கதைப்பாடல்களைப் படியுங்கள். உங்கள் ஊர்க் கொடைக்கு வருகிற வில்லுப்பாட்டுக் குழுவிடமும், மகுடம் அடித்துச் சுடலைக்குப் பாடும் கணியான் கூத்து அண்ணாவியிடமும் போய், அவர்கள் கையில் இருக்கும் ஏட்டையும் நோட்டுப் புத்தகத்தையும் கேளுங்கள். அச்சேறாத கதைகள் இன்னும் நிறைய அவர்களிடம் இருக்கின்றன. முழு இரவுப் பாட்டை இரண்டு மணி நேரமாகச் சுருக்கச் சொல்லும் விழாக் குழுக்கள் பெருகிவிட்டதால், சுருக்கத்தில் விடுபடும் பகுதிகள் பாடுவாரின்றி மறைகின்றன. இந்த அறக்கட்டளையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பாடுகிறவர்களுக்கு உரிய சன்மானம் கொடுத்து, ஒவ்வொரு கொடைப் பருவத்திலும் ஒரு முழுக் கதையையாவது சுருக்காமல் பதிவு செய்து அச்சிட வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.